தவமணி வைத்த புள்ளிகள்

ஏப்ரல் 6

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, அறுந்த செருப்பு வாருக்குப் பசை தடவி, அதன் மேல் கிரைண்டர் குழவியைத் தூக்கி வைத்தேன். ஒட்டுவதற்குள் காபி, இட்லி, வீட்டுக்காரருடைய டிபன் டப்பா எல்லாம் முடிந்தது. எட்டரைக்கு ஸ்கூட்டரில் துண்டறிக்கைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். இன்று பதினோரு வீடு. பதினொன்றிலும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவரும் விண்ணப்பம் வாங்கவில்லை.

கோடை வந்தால் எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். விண்ணப்பத்தில் 'பரிந்துரைத்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எத்தனை முறை நம் பெயர் வருகிறதோ அதுதான் நம் மரியாதை. இந்த ஆண்டு விஷயம் மரியாதையோடு மட்டும் நிற்கவில்லை. ஜூன் 10க்குள் இருபது பேர் சேராவிட்டால் இயற்பியல் துறையை மூடிவிடுவார்களாம். மூன்று ஆசிரியர்களில் இரண்டு பேரை இப்போதே விடுவித்துவிட்டார்கள். சீனியர் என்பதால் என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள், இருபது பேரைக் கொண்டுவருவதற்காக. பனியன் கம்பெனிகளுக்கே ஆர்டர் இல்லாத ஊரில் கல்லூரிக்கு மட்டும் ஆள் எங்கிருந்து வரும்?

ஒரு கட்டிங் மாஸ்டர் வீட்டில், "கோவிச்சுக்காதீங்க மேடம். எங்க கம்பெனில அயர்ன் பண்றவன் எம்.எஸ்சிங்க. பிசிக்ஸா கெமிஸ்ட்ரியான்னு கேட்டா அவனுக்கே மறந்து போச்சுங்க" என்றார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 8

ஜென்சி தன் மேசையைக் காலி செய்தாள். விடுவிக்கப்பட்ட இருவரில் அவள் ஒருத்தி. நாகர்கோவில்காரி, முனைவர் பட்டம் வாங்கியவள், ஏழு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அழுவாள் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன்.

"ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல பேப்பர் வேலை கிடைச்சிருக்குக்கா. மேசைல 'டாக்டர் ஜென்சி'ன்னு பலகை வச்சுக்கிடவான்னு கேட்டேன். வேண்டாம்மா, காய்ச்சல் மாத்திரை கேட்டு வரிசைல நிப்பாங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு."

சிரித்துக்கொண்டே ஆய்வகத்துக்குள் போனாள். நிறமாலைமானியைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு உறை போட்டாள். அதன் பிறகு அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

ஏப்ரல் 15

இதுவரை சேர்ந்தவர்கள் மூன்று பேர்.

ஏப்ரல் 19

இன்று ஞாயிறு. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று வெயிலோடு ஒரு லைன் வீட்டு வரிசைக்குப் போனேன். எட்டு வீடு, ஒரே மொட்டை மாடி. பிளஸ் டூ எழுதிய மிருதுளா என்ற பெண் அங்கே இருப்பதாகக் கல்லூரி கொடுத்த பட்டியலில் இருந்தது. அவள் அம்மா தவமணி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். தைத்து வரும் உருப்படிகளில் கோணல், ஓட்டை, அளவுப் பிசகு பார்த்துப் பிரிப்பது. நாற்பதை நெருங்கும் வயது இருக்கும். "வாரத்துல ரெண்டு நாள்தானுங்க மேடம் ஷிப்ட்டு. வாங்க, உக்காருங்க" என்றார். மகள் நேரடியாகவே சொல்லிவிட்டாள். "எனக்கு பிசிக்ஸ் ஆகாது மேடம். பி.காம்தான்."

எழுந்தபோது மணி பன்னிரண்டு பத்து. தேதி சட்டென்று உறைத்தது. எங்கள் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் நாள். வருடத்தில் இரண்டு முறைதான் வரும். ஒவ்வொரு ஏப்ரலிலும் மாணவர்களைக் கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுவேன். இந்த ஆண்டு நினைப்பே இல்லை.

"மொட்டை மாடிக்கு வர்றீங்களா? ஒண்ணு காட்டறேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பதினோரு வீட்டுத் தண்ணீருக்குக் கைம்மாறு போல இருக்கலாம்.

ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். துணிக்கொடி கட்டியிருந்த ஏழடி இரும்புக் குழாயின் நிழல் ஒரு விரல் நீளத்துக்குக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். சுருங்கியது. பன்னிரண்டு இருபதுக்கு நிழலே இல்லை. குழாய் நட்டுக்குத்தலாக நிற்கிறது, தரையில் ஒன்றுமில்லை. ஒருத்தி டம்ளரை வைத்தாள். டம்ளருக்கும் நிழல் இல்லை.

"ஏண்டி, நம்ம நெழலே நம்மளக் கைவிட்டுருச்சு. கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான்னு பொலம்பறியே?" என்று ஒருத்தி சொல்ல, மாடியே சிரித்தது.

தவமணி மட்டும் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து குழாயின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் இப்படியே இருக்குங்களா?"

"இருக்காது. நாளையிலிருந்து இதே நேரத்துக்கு நேர் தெற்கே கொஞ்சம் கொஞ்சமா நீளும்."

"எவ்வளவுங்க?"

எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாகக் காட்டுகிறேன், யாரும் கேட்டதில்லை. "அளந்துதான் பாருங்களேன்" என்று சிரித்து மழுப்பிவிட்டு இறங்கினேன்.

ஏப்ரல் 28

ஏழு பேர். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் சாயப்பட்டறை இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடும். வீட்டில் இருக்கும் நாட்களில் சமையலை அவரே பார்க்கிறார். ரசத்தில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

மே 10

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் சேர்க்கை சூடு பிடித்தது. பதினான்கு பேர்.

பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன். 'வேலை' என்ற சொல்லை முதல் மூன்று நிமிடத்துக்குள் இரண்டு முறை சொல்ல வேண்டும். 'ஆய்வு' என்று சொல்லவே கூடாது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அசலாக வாங்கிக்கொண்டு வந்து அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். அசல் கையில் இல்லாவிட்டால் பிள்ளைகள் வேறெங்கும் போக முடியாது. எல்லாக் கல்லூரிகளும் செய்வதுதான். ஒரு தாய் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மே 14

மிருதுளா மனம் மாறியிருப்பாளா என்று லைன் வீட்டுக்குப் போனேன். மாறவில்லை. அரசுக் கல்லூரியில் பி.காம். கேட்டிருக்கிறாள். கிளம்பும்போது தவமணி, "மேடம், ஒரு எட்டு மேல வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

மாடித் தரையில் குழாயடியிலிருந்து தெற்கு நோக்கிச் சிவப்புப் புள்ளிகள். மகளின் நகப்பூச்சு. மேகம் மறைத்த நாட்கள் போக, ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு இருபதுக்கு நிழல் முனையில் ஒரு புள்ளி.

"ஷிப்ட் இருக்கற நாள்ல பாப்பா வெப்பா. மொதல்ல சாக்பீஸ்ல வெச்சனுங்க, மழை கழுவிருச்சு. நெழல் ஓரம் பிசிறடிக்குதுங்க, அதனால பிசிறுக்கு நடுவுல வெக்கறேன். மொதல்ல தெனம் அரை இஞ்சு போச்சு. இப்ப அவ்வளவு போறதில்ல. ஆரோ பிரேக் புடிக்கற மாதிரி."

நான் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனதை இருபத்தைந்து நாள் ஒருவர் செய்திருக்கிறார்.

"அதெல்லாஞ் செரிங்க. ஆனா நீங்க நேர் தெக்க போகும்னீங்க. பாப்பா போன்ல திசை பாத்துக் கோடு போட்டு வெச்சனுங்க. இது கோட்ட உட்டு இடது கைப்பக்கம் ஒதுங்குது பாருங்க. ஒரு இஞ்சு. எங்க செக்கிங்ல ஒரு இஞ்சுன்னா தூக்கி வீசிருவோம்."

உண்மைதான். கோட்டுக்குக் கிழக்கே புள்ளிகள் வளைந்து போயிருந்தன. நான் ஆசிரியரானேன். "இரும்புக் குழாய்க்குப் பக்கத்துல போன் திசை தப்பாக் காட்டும். கோட்டையே கோணலாப் போட்டிருப்பீங்க."

தவமணி கொஞ்சம் யோசித்தார். "கோடு கோணல்னா புள்ளியெல்லாம் ஒரே சீராத்தானுங்களே ஒதுங்கிட்டே போகோணும்? இது மொதல்ல வெரசா ஒதுங்கி, அப்பறம் நின்னுக்கிச்சுங்களே. துணியக் கோணலா வெட்டியிருந்தா தையல் முச்சூடும் கோணலாத்தான் போகும். தைக்கறவங்க கை மாறுனாத்தான் நடுவுல வளையும்."

"அப்ப நேரம் பாத்ததுல பிசகு இருக்கும்."

"செல்போன் நேரமுங்க. அது எப்படித் தப்பும்?"

"ஏதோ கைப்பிழை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது எனக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.

மே 15

காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, நான் என் எம்.எஸ்சி. நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கைப்பிழை இல்லை. சூரியன் நம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. பூமி சற்றுச் சாய்ந்து சுழல்கிறது. சூரியனைச் சுற்றும் பாதையும் சரியான வட்டமல்ல. அதனால் சில மாதங்களில் சூரியன் கடிகாரத்துக்கு முன்னால் ஓடும், சில மாதங்களில் பின்தங்கும். மே நடுவில் எங்கள் ஊரில் அது மூன்று நிமிடம் முந்தி, பன்னிரண்டு பதினேழுக்கே, உச்சிக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு இருபதுக்கு அது ஏற்கெனவே மேற்கே சாய்ந்திருக்கும், நிழல் கிழக்கே விழும். ஏழடிக் குழாய்க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். ஒரு அங்குலம்.

ஒரு அங்குலம்! பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இதை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன், ஐந்து மதிப்பெண் வினா. வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பார்த்ததில்லை. பார்க்க முடியும் என்றுகூட நினைத்ததில்லை. செக்கிங் மேசையில் பழகிய கண்ணும், நகப்பூச்சும், ஒரு துணிக்கொடிக் குழாயும் பூமியின் சாய்வைப் பிடித்துவிட்டன. அதைக் காட்டியவரிடம் நான் கைப்பிழை என்றேன்.

கணக்கைத் தொடர்ந்தேன். ஜூன் நடுவில் புள்ளிகள் திரும்பி வந்து கோட்டைத் தொட வேண்டும்.

மே 16

தவமணியின் வீட்டுக்குப் போய், "நீங்க வெச்சதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்றேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. "ஜூன் பாதி வரைக்கும் வெச்சுட்டே வாங்க. அப்புறம் சொல்றேன்."

"அட, டீச்சர் தப்புன்னு ஒத்துக்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள் மிருதுளா.

"ஏய், சும்மா இருடி" என்றார் தவமணி. ஆனால் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

மே 29

பதினெட்டு. நிலக்கடலை வாங்கினேன். சமையலறைக் குழாயில் வாஷர் போய்விட்டது.

ஜூன் 4

பத்தொன்பதில் நான்கு நாளாக நிற்கிறது. இன்று மதியம் துறை வாசலில் தவமணி நின்றார். கம்பெனிக்கு உடுத்தும் சேலை இல்லை, கல்யாணத்துக்கு உடுத்தும் சேலை. கையில் பிளாஸ்டிக் உறை.

"பாப்பாவுக்கு அரசுக் கல்லூரில பி.காம். கெடச்சிருச்சுங்க."

"ரொம்ப சந்தோஷம்."

"இது எம்படதுங்க." உறைக்குள் இருந்தது அவருடைய பழைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். இயற்பியலில் இருநூறுக்கு நூற்று எழுபத்தொன்பது. "அப்ப கல்யாணம் பண்ணிட்டாங்க. எங்க செக்ஷனையே மூடிட்டாங்க மேடம், போன வாரம். பி.எஃப். பணம் வரும். வூட்டுக்காரரு இந்த வயசுல படிச்சு எந்தக் கம்பெனிக்கு மேனேஜரா போகப் போறேன்னு நக்கலடிக்கறாரு. வேலைக்கு இல்லீங்க. அந்தப் புள்ளி ஏன் வளையுதுன்னு நானே கணக்குப் போட்டுக் கண்டுபுடிக்கோணும். என்னையெல்லாம் சேத்துக்குவீங்களா?"

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன். வயது வரம்பு எதுவும் இல்லை. விண்ணப்பத்தை அவசரமாக உருவி நீட்டினேன். அந்த அவசரம் அவருடைய படிப்புக்காக என்றுதான் இங்கே எழுத ஆசை.

ஜூன் 5

இருபது.

ஜூன் 11

பிரின்சிபால் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "இருபது! நீங்க சேஃப் மேடம். சேர்மனே உங்க பேரச் சொன்னார்."

உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம், உங்களோட இருக்கட்டும். இந்த வருஷம் மட்டும் பிசிக்ஸ்னு ஓடட்டும். அடுத்த வருஷம் மொத்த பேட்சையும் டேட்டா சயின்ஸுக்கு மாத்தறாங்க. லேப்பையும் எடுத்துடுவாங்க. உங்களுக்கு அதுல ஏதாவது இடம் பார்க்கலாம்."

"பிள்ளைங்க ஒத்துக்கலைன்னா?"

"ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் நம்ம பீரோவுல இருக்கு. எங்க போவாங்க?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு நாலு மாசமா பாதிச் சம்பளம் மேடம். எனக்கும் வீடு இருக்கு."

கெட்ட மனிதர் இல்லை. டீ நன்றாக இருந்தது. வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். முற்றலா என்று ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தேன். கடைக்காரர், "எல்லாத்தையும் ஒடச்சுட்டீங்கன்னா நான் ஆருக்கு விக்கறதுங்க்கா?" என்றார். பார்த்தால் இரண்டு கிலோவை ஒடித்திருக்கிறேன்.

ஜூன் 13

பன்னிரண்டு மணிக்கே போய்விட்டேன். மாடியில் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். தவமணி கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவருக்குப் பெயர் 'விஞ்ஞானி அக்கா'.

மேகம் விலகுமா என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பன்னிரண்டு பதினெட்டுக்கு வெயில் வந்தது. இருபதுக்குத் தவமணி குனிந்து புள்ளி வைத்தார். கோட்டின் மேலேயே விழுந்தது.

"திரும்பி வந்துருச்சுங்க!"

கிழக்கே வளைந்து போய், திரும்பி வந்து சேர்ந்த ஒரு மெல்லிய வில். நகப்பூச்சில். வரும் என்று எனக்குத் தெரியும், கணக்குப் போட்டிருந்தேன். ஆனாலும், கணக்கில் வருவது வேறு, காலடியில் வந்து நிற்பது வேறு. தவமணியிடமிருந்து சாக்பீஸை வாங்கித் தரையில் வட்டம் வரைந்து, பூமியின் சாய்வையும் பாதையையும் விளக்கினேன். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டார். முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் சூடான தரையில் வைத்தார்.

"அப்ப இதுவே சாஞ்சுதான் நிக்குதுங்களா?"

"ஆமா."

"அதையா நான் பாத்துட்டேன்?"

"நீங்கதான் பாத்தீங்க. நான் படிச்சது மட்டும்தான்."

கைகளைத் தரையிலிருந்து எடுக்காமலே குந்தியிருந்தார். பின்னால் ஒருத்தி, "விஞ்ஞானிக்கு மண்ட காஞ்சிருச்சுடி, மோர் கொண்டாங்க" என்றாள். தவமணி அது காதில் விழாதவர் போல என்னைப் பார்த்தார். நேரான பார்வை, உருப்படியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை.

"இன்னும் எத்தனை இருக்குமுங்க, இப்படி? மூணு வருஷத்துல எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துருவீங்களா?"

மோர் வந்தது. வாங்கிக் குடித்தேன். நல்லவேளை, வாய் நிறைய மோர் இருந்தது.

ஜூன் 14

ஞாயிறு. காலையில் வாஷர் மாற்ற ஆள் வந்தார். துணிகளை இரண்டு நடையாக மாடிக்குக் கொண்டுபோய் உலர்த்தினேன். சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "பட்டறையை ஒண்ணாந் தேதியிலிருந்து மொத்தமா மூடறாங்களாம். நீ இருக்கறதால தைரியமா இருக்குது சுகுணா." நான் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

இருபது பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். பாதிப் பேர் வேறு வழியில்லாமல் வந்தவர்கள்தான். ஆனால் யாருக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தவமணிக்குள் இருந்தது ஒரு கம்பெனிக்கும் தெரியவில்லை, ஒரு கல்லூரிக்கும் தெரியவில்லை. இருபது வருடம் அது அங்கேயே இருந்திருக்கிறது, பன்னிரண்டு இருபதுக்கு யாராவது மாடிக்குக் கூப்பிட மாட்டார்களா என்று. நேற்றிலிருந்து இந்த நினைப்பு என்னை உட்கார விடவில்லை. படிப்பு எதற்கு என்று இரண்டு மாதமாக வீடு வீடாகப் போய் விளக்கினேன். எனக்கு ஒருவர் காட்டினார்.

அரசுக் கல்லூரியில் இயற்பியல் துறை இருக்கிறது. மூடுகிற பேச்சு இல்லை. இரண்டாம் கட்டக் கலந்தாய்வு பதினேழாம் தேதி. இடங்கள் காலியாக இருப்பதாக நேற்றே போன் செய்து கேட்டுக்கொண்டேன். வயதுக்குத் தடையில்லை என்றார்கள். அசல் சான்றிதழோடு நேரில் வர வேண்டும், அவ்வளவுதான்.

உதவித்தொகைச் சரிபார்ப்புக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், துறைத் தலைவர், அதாவது இப்போது நான், அலுவலக பீரோவிலிருந்து அசல் சான்றிதழ்களை வெளியே எடுக்கலாம். பதிவேட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. நாளை காலை பத்து மணிக்கு இருபது வரி எழுதுவேன். காரணம் என்ற இடத்தில் உதவித்தொகை என்று எழுத மாட்டேன், 'உரியவரிடம் திருப்பித் தர' என்று எழுதுவேன். குமாஸ்தா அதைப் படித்துப் பார்த்து மாடியில் இருக்கும் பிரின்சிபாலிடம் ஆள் அனுப்புவதற்குள் நான் ஸ்கூட்டரில் இருப்பேன்.

இருபது வீடும் எனக்கு வழி தெரிந்த வீடுகள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கொடுக்கும் தண்ணீரைக் குடித்து, நான் விற்றது என்ன என்பதைச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பேன்.

அவர் இப்போது முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "என்ன எழுதறே?" என்று கேட்டார். "சும்மாதான்" என்றேன்.